எந்த விஷமம்?

என் மகள் செத்துப்போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்களில், நான் அவளைச் சேட்டைக்காரி என்று திட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுகூட என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

நாங்கள் திருப்பூரிலிருந்து எருத்தேன்பதிக்கு வந்து அப்போது மூன்று வருடம். மாமனார் போன பிறகு தென்னந்தோப்பைப் பார்க்க ஆளில்லை என்று வந்தோம். கேரளா என்றாலும் இங்கே சுற்றிலும் நம் பேச்சுதான். மளிகைக்கடையில், பால் சொசைட்டியில், பஸ் ஸ்டாப்பில் எல்லாம் தமிழ். வில்லேஜ் ஆபீஸ் மாதிரி இடங்களில்தான் மலையாளம். அங்கேயும் நாலு வார்த்தை பேசி வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். சம்சாரிக்கணம் என்றால் பேசணும், பட்டி என்றால் நாய், இதெல்லாம் எனக்கு அத்துப்படி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் மட்டும் என்னிடம் கிடையாது.

மகள் பத்தாவது வரை தமிழ் மீடியம், நல்ல மார்க். ப்ளஸ் ஒன்னுக்குச் சித்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சயன்ஸ் குரூப் கிடைத்தது. புத்தகம் இங்கிலீஷ், விளக்கம் மலையாளம். போகப் போகச் சரியாகிவிடும் என்று நானும் அவள் அப்பாவும் ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

ஒரு வியாழக்கிழமை, தோப்பில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தபோது வகுப்பு டீச்சர் போன் செய்தார்.

"மோள்க்கு நல்ல விஷமமுண்டு, கேட்டோ. வீட்டில் ஒந்நு சம்சாரிக்கணம்."

விஷமமாம். அதிலும் நல்ல விஷமமாம். இரண்டு பஸ் மாறி அவ்வளவு தூரம் போவது இந்த லட்சணத்துக்குத்தானா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ரெண்டு போடுங்க டீச்சர். நானெதும் கேக்க மாட்டனுங்க" என்றேன். டீச்சர் பதறிப்போய் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். தேங்காய் விழுகிற சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் நானே வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மகள் வாசல்படி ஏறும்போதே பிடித்துக்கொண்டேன். "ஏனம்மிணி, பள்ளிக்கூடத்துல விஷமம் பண்றயாமா? டீச்சர் போன் போட்டுச் சொல்றாங்க. மானம் போகுது."

பையைக்கூடக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இனிமே இருக்காதும்மா" என்றாள்.

கண்டித்தது வேலை செய்துவிட்டது என்று எனக்குத் திருப்தி. திருப்தி!

மறுநாள் அவள் தன் வாட்சையும் ஸ்கெட்ச் பேனாக்களையும் என் நாத்தனார் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த வாட்சை யாராவது தொட்டாலே ஊரைக் கூட்டுகிறவள். "பாத்தீங்களா, மனசு எத்தன பெருசாயிருச்சு" என்று நாத்தனாரிடம் பெருமை வேறு பேசினேன். மட்டையில் ஒரு பூச்சி அரித்திருந்தால் தரையில் நின்றே கண்டுபிடிக்கிற கண் எனக்கு. வீட்டுக்குள் அந்தக் கண் எதற்கும் உதவவில்லை.

சனிக்கிழமை காலையில் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். போனில் என்னோடு பேசி ஆகாது என்று முடிவு செய்திருப்பார், பாவம். தமிழ் அவருக்கு அரைகுறை. என் நாத்தனாரும் வீட்டுக்காரரும் இருக்க, என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"விஷமம் எந்நு பறஞ்ஞால்... சங்கடம். மோள் எப்போழும் கரையுந்நு."

கரைவது என்றால் அழுவது. அது எனக்குத் தெரியும். எங்கள் பேச்சில் வெசனம் என்போமே, அதைத்தான் அந்த அம்மா விஷமம் என்று சொல்லியிருக்கிறார். நான் அதற்கு ரெண்டு போடச் சொல்லியிருக்கிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில், உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று அவள் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் போன் செய்தாராம். "நேரே சோதிக்கணம்" என்றார். இந்த வார்த்தையும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தத் தடவை தெரியும் என்று விட்டுவிடப் பயமாக இருந்தது.

"சோதிக்கறதுன்னா என்னங்க டீச்சர்?"

"கேக்கணும். சாகத் தோணுதான்னு, நேரா கேக்கணும்."

என் நாத்தனார் பதறிவிட்டார். "அந்தப் பேச்ச வாயிலயே எடுக்காத. நெனப்பில்லாத புள்ளைக்கு நாமளே எடுத்துக் குடுத்தாப்பல ஆயிரும்." வீட்டுக்காரர் பொழுதோட கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். டீச்சருக்கே பொறுமை போய்விட்டது. கேட்பதால் அந்த நினைப்பு வராது, ஏற்கெனவே இருந்தால் வெளியே சொல்ல ஒரு வழி கிடைக்கும் என்று இரண்டு பாஷையிலும் கைகளாலும் சொன்னார்.

மகள் பின்புறம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"கண்ணு, செத்துப் போயரலாம்னு தோணுதா உனக்கு?"

கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். "ம்."

"எப்ப இருந்து?"

"ஓணம் லீவுக்கு முன்னாடி இருந்து." இன்னொரு துணியை எடுத்தாள். "அன்னிக்கு விஷமம்னு திட்டுனயே, உனக்கு அர்த்தம் புரியலேன்னு தெரியும்மா. சொல்லித் தரலாம்னு நெனச்சேன். அப்பறம் எதுக்குன்னு உட்டுட்டேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அவளிடம் பேசினார். தனியாக விட வேண்டாம், பூச்சிமருந்தெல்லாம் வீட்டில் இருக்கக் கூடாது என்றார். "இப்பத்தான் தென்னைல பூச்சி உழுந்திருக்குது" என்று ஆரம்பித்த வீட்டுக்காரரை நான் போட்ட சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டப்பாக்கள் அன்றைக்கே வீட்டைவிட்டுப் போய்விட்டன.

பிறகு சொந்தக்காரர்கள் வந்தார்கள். லவ்வா? மார்க்கா? போனா? எல்லாருக்கும் கையில் எடுத்துப்போக ஒரே ஒரு காரணம் வேண்டும். எனக்கும் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவள் டாக்டரிடம் சொன்னதோ பாடம் புரியாதது, வாய் திறந்தால் வகுப்பு சிரித்தது, தூக்கம் போனது, பழைய சிநேகிதிகள் பேச்சை நிறுத்தியது, அப்புறம் நான். ஒருத்தர் கயிறு மந்திரித்துக் கட்டச் சொன்னார். காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது ப்ளஸ் டூ. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வாரா வாரம் நானும் அதே கேள்வியைக் கேட்கிறேன். "இல்லம்மா. போன வாரந்தான கேட்ட? போ அந்தப்பக்கம்" என்று எரிந்து விழுகிறாள். விழட்டும்.

போன வாரம் மோட்டார் ரூமுக்கு அவளே தேடி வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, இன்னிக்கு விஷமமா இருக்குது."

"எந்த விஷமம் கண்ணு?"

"டீச்சரோட விஷமம்."

மோட்டாரை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.