முதல் பக்கம் மட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வறுபடும் வாசனையில் பாதித் தூக்கத்தில் கிடந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த மகள் செல்போனில் எதையோ தேடிப் போட்டாள். ஒரு கூட்டம் வயலின்கள் சேர்ந்து அழ, அடியில் டிஸ்கோ கொட்டு தும் தும் என்று இடித்தது. அடுத்த நொடி நான் மணமேடையில் இருந்தேன், பிடரியில் மாலை அரித்துக்கொண்டிருந்தது.

என் கல்யாணத்துக்கு ரேடியோ செட் போட்டவன் மரக்காணம் செல்வம், என் கூட்டாளி. நான் அப்போதுதான் உப்பளத்தில் மேஸ்திரி ஆகியிருந்தேன். அவன் ஒயரிங் வேலையும் பார்ப்பான். ஆரோவில்லில் அப்படி வேலை செய்த வீட்டு வெள்ளைக்காரர், ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கேசட்டைக் கொடுத்திருந்தார். அட்டையில் ஒரு பெண்ணும் பையனும் கைகோத்து நின்றார்கள். கல்யாணத்துக்குப் பொருத்தம் என்று செல்வம் முடிவு கட்ட அது போதும். உண்மையான காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னான்.

"ஒரு பக்கம் ஃபுல்லா ஒரே பாட்டுடா. நடுவுல நிக்காது. போட்டுட்டு நான் டிபன் பந்தியில உக்காந்துடுவேன்."

ஆக, முகூர்த்தக் காலையில் மேளம் ஓய்ந்த நேரம், தென்னை மரத்துக் குழாய் ஸ்பீக்கரில் யாரோ இங்கிலீஷில் காதலித்தார்கள். உப்பளத்து ஜனம் தாராளமாகத் தலையாட்டியது.

வினை பெண்ணின் தாய்மாமன் உருவத்தில் வந்தது. திண்டிவனத்தில் இங்கிலீஷ் வாத்தியார். அட்டையை எடுத்து, கண்ணாடி போட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருந்த கதையை முழுக்கப் படித்தார். எங்கள் பக்கம் தாய்மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய பிறகுதான் தாலி. அவர் பட்டத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"இன்னா பாட்டுய்யா இது? கடைசியில ரெண்டு பேரும் செத்துப்போறாங்க."

மாமனார் முகம் வெளுத்தது. அபசகுனம் என்ற பேச்சு பந்திவரை போய், செல்வத்தை எச்சில் கையோடு இழுத்து வந்தது. மணப்பெண் சரோஜாவை அதற்குமுன் ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். ஆனாலும் கட்டினால் அவளைத்தான் என்று இருந்தேன்.

அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"மாமா, எந்தப் பக்கத்துல சாவறாங்க?"

வாத்தியார் அல்லவா, கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அட்டையைப் பார்த்தார். "ரெண்டாவது பக்கம்."

"மொதப் பக்கத்துல?"

"கல்யாணம் பண்ணிக்கிறாங்க."

"அப்ப அதோட நிறுத்திக்கச் சொல்லுங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

முதலில் சிரித்தது மேளக்காரர். மாமாவும் வேறு வழியில்லாமல் பட்டத்தைக் கையில் எடுத்தார். செல்வம் சாப்பாட்டை மறந்து, கேசட் 'டக்' என்று நிற்கும்வரை செட்டுக்குக் காவல் நின்றான். அந்தக் கேசட்டையே எங்களுக்கு மொய்யாகவும் வைத்துவிட்டுப் போனான்.

சரோஜா இரண்டாம் பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். கல்யாண நாள் வந்தால் முதல் பக்கம் ஓடும், டக்கென்று நிற்கும், நாங்கள் அவரவர் வேலைக்குப் போவோம். பிறகு உப்புக் காற்றில் டேப்ரெக்கார்டர் துருப்பிடித்துப் போனது.

மகளின் போனில் கல்யாணக் கட்டம் முடிந்தது. என் காது 'டக்'குக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. வயலின்கள் நிற்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டன.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. சரோஜா எண்ணெய்க் கையோடு ஓடிவந்தாள். போனை நிறுத்த அவளுக்குத் தெரியாது. அப்படியே பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள்.

"அம்மா, இன்னும் பாதி இருக்குது."

"அது எங்களுக்குத் தெரியும்."

நெத்திலி கருகியது. டிரம்முக்குள் அவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள். கேசட்டாக இருந்தால் தானாக நின்றிருக்கும். நானும் எழுந்து போய், சரோஜாவின் கைக்குப் பக்கத்தில் கை வைத்து மூடியை அழுத்திக்கொண்டேன்.