இருபத்துநான்கு குடுவைகளும் ஒரு கரண்டிச் சர்க்கரையும்

சர்க்கரை பாட்டில் இருக்கும் அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் கெம்பம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். எட்டு வருடங்கள் பார்த்தேன். காரணம் எங்கள் கம்பெனியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பேரிகைப் பக்கத்துக்காரர். ஓசூரில் எங்கள் மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் குடுவை கழுவுவதும், பாக்டீரியாவுக்கான சத்துநீரைக் கலந்து அவித்து வைப்பதும் அவர் வேலை. கான்ட்ராக்ட். நான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அப்போது என் வேலையும் நிரந்தரமாகவில்லை.

1985 அக்டோபரில், பேரிகை, மத்தூர், தேன்கனிக்கோட்டைச் சாணக்குழிகளிலிருந்து எடுத்த ஒரே இன பாக்டீரியாவை இருபத்துநான்கு குடுவைகளில் வளர்த்தேன். புது மருந்து செய்யப் பென்சிலினை வெட்டும் நொதி தேவை; அதை எந்த ஊர்க்காரன் அதிகம் சுரக்கிறான் என்று பார்க்க வேண்டும். எல்லாம் திமுதிமுவென்று வளர்ந்தன. இருபத்துமூன்றில் நொதியே இல்லை.

மேலாளர் பரமசிவம் தாளைப் பார்த்தார்.

"என்னப்பா, வரிசையா முட்டை போட்டிருக்க? சாணி அள்றதுக்கா டிகிரி படிச்ச? யார் தப்புன்னு நாளைக்குச் சொல்லு. இல்லன்னா நீ கெளம்பு."

கழுவுமிடத்துக்குப் போனேன். கெம்பம்மா குழாயை மூடிவிட்டு என்னிடம் வந்தார்.

"ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் பொரி வெச்சாங்களே சார். இந்தப் பூச்சிங்களும் வேலதானே செய்யுதுங்க? அவிக்கறதுக்கு முன்ன ஒவ்வொண்ணுலயும் ஒரு கரண்டி சர்க்கர போட்டுட்டேன். சொல்லிடாதீங்க சார். ரெண்டு பொண்ணுங்க இருக்குது."

சர்க்கரை கிடைத்தால் அந்த பாக்டீரியா அதையே தின்று வளரும். நொதி சுரப்பதை நிறுத்திவிடும். பாடத்தில் படித்ததுதான். அப்படியானால் மத்தூர்க் குடுவை மட்டும் ஏன் நிறுத்தவில்லை? யாரும் கை வைக்காமல், சாணக்குழியிலேயே அது சர்க்கரை இருந்தாலும் சுரக்கும்படி மாறியிருந்தது.

மறுநாள் பரமசிவத்திடம் சொன்னேன். "நான்தான் வேணும்னே சர்க்கரை போட்டேன் சார். அப்படியும் சுரக்கறது எதுன்னு பாக்க. மத்தூர் ஒண்ணுதான் சார்." அவர் என் முதுகில் தட்டினார். அடுத்த மாதம் நான் நிரந்தரமானேன்.

நான் காப்பாற்றியது கெம்பம்மாவையா, என்னையா? நான் சொல்லிவிடுவேனோ என்று அவர் பயந்தார். அவர் உளறிவிடுவாரோ என்று நான் பயந்தேன். உண்மை தெரிந்திருந்தால் அவரையும் நிரந்தரம் ஆக்கியிருப்பார்களோ என்னவோ.

93-ல் கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். வாசலில் கெம்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க கடனத் தீக்காமயே போறேன் சார்."

அது என் கடன் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் பரமசிவம் நின்றிருந்தார். பேரிகை பஸ் வந்தது. கெம்பம்மா ஏறிக்கொண்டார்.