நாலு சொல் மூச்சு

ஒட்சிசன் மெஷினின் குழாய் வேலிப் படலைக்கு இரண்டடி முன்னால் விறைத்து நின்றுவிடும். அங்கே கதிரையைப் போட்டுக்கொண்டுதான் செய்னுலாப்தீன் காக்கா கண்டக்குழி ஊரையே வம்புக்கு இழுப்பார். ஒரு மூச்சுக்கு நாலு சொல்தான் வரும். நாலும் காரமாக வரும். பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கப் போகும் வெள்ளைக்காரர்களையும் விடமாட்டார். "அந்தக் காத்துல எனக்கும் கொஞ்சம்!"

லொறி ஓட்டிய முப்பது வருடமும் வாயில் பீடி. நோன்புக்கு முன் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இதோடு முடிந்தது என்று நினைத்து, பார்க்க வந்த அத்தனை பேரிடமும் மாப்புக் கேட்டார். பக்கத்து வீட்டு இஸ்ஹாக்கிடம், "ஒங்கட சேவலத் திண்டது நான்தான்" என்றார். இஸ்ஹாக் கண் கலங்கி மன்னித்தார். எட்டாம் நாள் காக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"மாப்ப வாபஸ் எடுக்கிறன்!" என்று வேலிக்கு மேலால் கத்தினார் இஸ்ஹாக்.

"தந்த மாப்பு திரும்பாது, இஸ்ஹாக்."

மாப்புத் தராதவள் மகள் றிஷ்னா மட்டும்தான். "பீடிய உட்டுட்டன்னு பதினஞ்சு வருஷம் பொய் சொன்னீங்களே வாப்பா. தரமாட்டன். அந்தக் கடன வெச்சிக்கிட்டு ஒங்களால மவுத்தாக ஏலா."

அடுத்த தடவை மூச்சு தவறினால் தொண்டைக்குள் குழாய் இறக்கி மெஷினில் போடலாம், ஆனால் திரும்பக் கழற்றுவது கஷ்டம் என்று டொக்டர் விளக்கியிருந்தார். வேண்டாமென்றால் முகத்துக்கு மாஸ்க்கும், திணறலைத் தணிக்கும் மருந்தும். யோசித்து வீட்டில் சொல்லிவைக்கச் சொன்னார். காக்காவுக்கு யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. "கொழாய் போட்டா கதைக்க ஏலா. கதைக்காம கெடந்தா நானில்ல."

றிஷ்னா காதைப் பொத்திக்கொண்டாள். சாவுக்கு அஞ்சாத மனிதர் ஒன்றுக்கு உண்மையாகவே பயந்தார். தான் நினைவில்லாமல் கிடக்கும்போது இவள் அழுதழுது குழாய்க்குச் சம்மதித்துவிடுவாளே என்று.

போன கிளினிக்குக்கு அவள்தான் கூட்டிப் போனாள். மறுநாள் காலை தேத்தண்ணியும் பிஸ்கட்டுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து நீங்க வெளிய இருக்கக்குள்ள டொக்டர்ட்ட சொல்லிட்டன். கொழாய் வேணாம், மாஸ்க் போதும்னு." கோப்பையைக் கீழே வைத்தாள். "பீடிக்கும் மாப்புத் தந்தன்."

படலைக்கு வெளியே ஒரு வெள்ளைக்காரன் போனான், காக்கா அவனைச் சும்மா விட்டார். பிறகு கையை நீட்டி, அவள் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கி, அவளுடைய தேத்தண்ணியிலேயே தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"கேக்காமத் திண்டன். இதுக்கு மாப்பு தந்திராத. இந்தக் கடன் இருக்கட்டும்."

றிஷ்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, அவருடைய குழாய் எட்டும் தூரத்தில் வைத்தாள்.