நல்லது, அடுத்ததற்குப் போவோம்

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி இந்தக் கடற்கரைக்கு வந்தேன். கணவருக்கு அணு ஆராய்ச்சி மையத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய குடியிருப்பில் வீடு. எனக்குச் செங்கல்பட்டுப் பக்கம், ஜி.எஸ்.டி. சாலையோரத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.காம். மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. தொகுப்பூதியம்தான். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. எத்தனை வருஷம் ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் நேற்றுச் சேர்ந்தவள் மாதிரி தாளாளர் அறைக்கு வெளியே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் தலையாட்டினால் இன்னொரு வருஷம் ஓடும். அந்த நாற்காலியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரெல்லாம் கணினிப் பேச்சாக இருந்தது. எங்கள் தாளாளருக்கும் அந்தக் காற்று அடித்தது. திருச்சியிலும் சேலத்திலும் கிளைகள் திறக்கப் போவதாகவும், எல்லாக் கிளைகளுக்கும் ஒரே பாடம் இணையத்தில் போகும் என்றும் சொன்னார். அதற்காக ஆசிரியர்களுக்குக் கோடையில் ஒரு பயிலரங்கம் ஏற்பாடாயிற்று.

"யார் நல்லா செய்றீங்களோ அவங்களுக்கு நிரந்தர ஆணை. இது என் வாக்கு" என்றார்.

சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த ஆணைக்காக நான் ஏங்கினேன். வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் குடியிருப்பில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "இன்னும் டெம்பரரிதானா?" என்று யாராவது ஒருத்தி பாயசக் கிண்ணத்தோடு சேர்த்துக் கொடுப்பாள். அதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று இருந்தது.

ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து மேஜை கணக்குப்பதிவியல் ஆசிரியருடையது. அச்சரப்பாக்கத்து விவசாயக் குடும்பம். எல்லோரும் அவரை அண்ணாத்த என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் தொகுப்பூதியம்தான், ஆனால் அவர் எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள்.

"கெடைச்சா பாப்போம் மேடம். இல்லாங்காட்டி வூட்ல நெல்லு கீது" என்பார்.

பயிலரங்கம் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் கூடத்தில் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல். ஆனால் புரொஜெக்டருக்கு வெளிச்சம் ஆகாது என்று நாள் முழுக்கத் திரைச்சீலையை இழுத்து மூடியிருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் வெளியே வந்தால்தான் கடலோரம் இருக்கிறோம் என்பது நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் இளைஞர், நல்ல சுறுசுறுப்பு. முதல் நாள் எல்லோரையும் கணினி முன் உட்காரவைத்து, "இது கலந்துரையாடல் பக்கம். உங்கள அறிமுகப்படுத்திக்கிட்டு ஏதாவது எழுதுங்க" என்றார். என்ன எழுதுவது என்று யாருக்கும் ஓடவில்லை. கடைசியில் திரையில் வரிசையாக வந்தது ஒன்றுதான்: உள்ளேன் ஐயா. உள்ளேன் ஐயா. உள்ளேன் ஐயா. ஆயுசு முழுக்க அட்டெண்டன்ஸ் எடுத்தவர்களுக்கு வேறென்ன வரும்? பயிற்சியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தப் பயிலரங்கத்தில் மனசுவிட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாளிலிருந்து கேமரா முன் பாடம். திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற கணக்கை, நான் எப்போதும் படகை வைத்துத்தான் தொடங்குவேன். ஒரு படகுக்குத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவு மீன் கிடைக்கிறது. இன்னொன்றுக்கு ஒருநாள் கூடை கூடையாக, மறுநாள் வெறும் வலை. மாதக் கடைசியில் பார்த்தால் இரண்டுக்கும் சராசரி ஒன்றே. அப்படியானால் இரண்டு வீட்டு அடுப்பும் ஒரே மாதிரியா எரிந்தது? இப்படிக் கேட்டால் போதும், பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். அதன் பிறகுதான் சூத்திரத்தைப் போர்டில் எழுதுவேன்.

"படகு வேண்டாம் மேடம்" என்றார் பயிற்சியாளர். "சேலத்துல இருக்கறவங்களுக்குப் படகு எதுக்கு? எல்லா ஊருக்கும் பொதுவா இருக்கட்டும். நேரா சூத்திரத்துக்குப் போயிடுங்க."

படகை எடுத்துவிட்டேன். அடுத்ததாக அவர் சொல்லித்தந்ததுதான் முக்கியமானது. வகுப்பில் நாங்கள் மூச்சுக்கு மூச்சு "புரியுதா?" என்போம். பிள்ளைகள் "ஆங்" என்று இழுப்பார்கள். அந்த இழுப்பிலேயே தெரிந்துவிடும், புரிந்ததா, இல்லை பொழுது போகவில்லையா என்று. கேமராவுக்கு அது செல்லாதாம். தெளிவாக "புரிகிறதா?" என்று கேட்க வேண்டும். பதில் வர ஒரு மூச்சு இடைவெளி விட வேண்டும். பிறகு முகம் மலர்ந்து, "நல்லது, அடுத்ததற்குப் போவோம்" என்று சொல்ல வேண்டும். பார்க்கிறவருக்குத் தன்னோடு யாரோ பேசுகிற மாதிரியே இருக்குமாம்.

எனக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. நீலப் புடவையில், கேமராவின் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன், காத்திருந்தேன், முகம் மலர்ந்தேன். பக்கத்துச் சிற்பப் பட்டறையின் உளிச் சத்தத்துக்காக நிறுத்தியதைத் தவிர, எனக்காக ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. பயிற்சியாளர் மற்றவர்களிடம், "மேடம் செய்ற மாதிரி செய்யுங்க" என்றார். மனசுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணாத்த முறை வந்தது. பாடம் தேய்மானம், பொருள் பழசாகப் பழசாக மதிப்புக் குறைகிற கணக்கு. நாலு வரி ஒழுங்காகப் பேசினார். பிறகு பழக்கதோஷத்தில், "இன்னாபா, புரிஞ்சுதா?" என்று கேட்டு, கண்ணாடியை விட்டுவிட்டுக் கேமராக்காரர் முகத்தைப் பார்த்தார். அவரும் மரியாதைக்கு, "இல்ல சார், புரியல" என்றுவிட்டார். அவ்வளவுதான்.

"எங்க புரியல? இந்தக் கேமரா வாங்கி எத்தினி வருஷமாச்சு?"

"இது செகண்ட் ஹேண்டு சார்."

"அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு. இங்க வா, சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார். ஒலிநாடாவில் அவர் குரல் இருக்கிறது, படத்தில் காலி நாற்காலி இருக்கிறது. திரும்பத் திரும்ப எடுத்தும் அதே கதைதான். எதிரே முகம் இல்லாமல் அந்த மனுஷனுக்கு வாயே திறக்கவில்லை. பயிற்சியாளருக்கு முகம் கடுத்துவிட்டது. கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தபோது எனக்குக் கைத்தட்டல், அவருக்கு, "பரவாயில்ல சார், இன்னும் கொஞ்சம் பழகணும்."

அந்தக் கோடை முழுக்க நான் மாமல்லபுரத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். மூன்று பருவத்துப் பாடத்திட்டம் மொத்தத்தையும் பேசிப் பதிவு செய்து கொடுத்தேன். தொண்டை கட்டிக்கொண்டது, பனங்கற்கண்டு போட்டுக் குடித்துவிட்டுப் பேசினேன். பேசப் பேச ஆணை பக்கத்தில் வந்துகொண்டிருப்பதாக நினைப்பு.

ஜூனில் தாளாளர் கூப்பிட்டார். இந்த முறை உள்ளே உட்காரச் சொன்னார்.

"சொன்ன வாக்க நான் மீற மாட்டேன்மா" என்று உறையை நீட்டினார். நிரந்தர ஆணைதான். மின்பாட மேற்பார்வையாளர் என்று போட்டிருந்தது.

"வகுப்பு சார்?" என்றேன்.

"அதான் எல்லாத்தையும் அருமையாப் பேசிக் குடுத்துட்டீங்களே. இனிமே எதுக்குத் தொண்டை வத்தக் கத்தணும்? போட்டு விடுங்க, பசங்க சத்தம் போடாம பாத்துக்குங்க. நடுவுல நீங்க விளக்கம் சொல்ல வேணாம். எல்லாக் கிளைக்கும் ஒரே பாடமா இருக்கணும். சந்தேகம் இருந்தா மின்னஞ்சல்ல கேக்கச் சொல்லுங்க."

நான் உறையை வாங்கிக்கொண்டு வந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை மூன்று பருவத்துக்கும் சேர்த்துக் கச்சிதமாக, ஒரு பிசிறில்லாமல் வைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாத்தவுக்கு ஆணை வரவில்லை. ஆனால் அவர் பதிவு எதற்கும் உதவாததால், கணக்குப்பதிவியலுக்கு அவரே நேரில் போக வேண்டியதாயிற்று. ஆணையைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "இன்னா மேடம் இது, கேட்டத குடுத்துட்டு இருந்தத புடுங்கிகினாங்க" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் கணவர், "நிரந்தரம்தானே கேட்ட? அப்புறம் என்ன?" என்றார். அன்றைக்கு அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

அதன் பிறகு என் வேலை பொத்தானை அழுத்துவது. போர்டுக்கு மேல் வெள்ளைத்திரை இறங்கிவிட்டது. நான் ஓரத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பேன். அடுத்த அறையிலிருந்து அண்ணாத்தவின் "புரிஞ்சுதா?"வும், அதற்குப் பிள்ளைகளின் "ஆங்"கும் சுவரைத் தாண்டி வரும். அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நல்ல மனுஷர்தான், அவர் மேல் கோபமில்லை. ஆனாலும் எரியும்.

வருஷங்கள் போயின. எனக்கு முன்முடி வெளுத்தது, மூக்குக்கண்ணாடி வந்தது, உடம்பும் போட்டுவிட்டது. திரையில் மட்டும் அதே நீலப் புடவை, அதே மலர்ந்த முகம். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கு அது யார் என்று நான் சொல்வதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

ஒருநாள் திட்ட விலக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது வரிசையில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி. அவள் அப்பா படகு வைத்திருந்தார். காலையில் நான் ஏறும் அதே பேருந்தில்தான் வருவாள். கண் எடுக்காமல் திரையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"புரிகிறதா?" என்றது திரை.

அந்த ஒரு மூச்சு இடைவெளியில், அவள் தன்னை மறந்து, "புரியல மேடம்" என்றாள்.

"நல்லது, அடுத்ததற்குப் போவோம்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். தாளாளர் சொன்னதெல்லாம் நினைவிருந்தது, ஆனாலும் எழுந்தேன். கை தன்னால் சாக்பீஸைத் தேடியது. அங்கே சாக்பீஸ் இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"இங்க பாரும்மா" என்றேன். குரல் எனக்கே கரகரவென்று கேட்டது. "உங்க அப்பா படகு ஒண்ணு, பக்கத்து வீட்டுப் படகு ஒண்ணு. ரெண்டுக்கும் சராசரி..."

அவள் பதறிப்போய் நிமிர்ந்தாள். எனக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம் என்ற பதற்றம் அது. அவளிடம் துளிகூட மரியாதைக் குறைவு இல்லை.

"வோணாம் மேடம், நீங்க உக்காருங்க. திருப்பிப் போட்டா போதும். அவங்க நல்லாத்தான் சொல்லிக்கினுகிறாங்க, நான்தான் கவனிக்கல."

உட்கார்ந்தேன். திருப்பிப் போட்டேன். நீலப் புடவைக்காரி சூத்திரத்தை முதலிலிருந்து சொல்லி முடித்து, "புரிகிறதா?" என்று கேட்டுக் காத்திருந்தாள். இந்த முறை அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை.

"நல்லது" என்றேன் நான், திரையிலிருந்து.