மேனேஜரைக் கண்டால் எழுந்து நிற்கும் வியாதி

இங்கே டென்மார்க்கில், மேனேஜர் தான் குடித்த காபிக் கோப்பையைத் தானே கழுவி வைக்கிறார். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிட்டப் போய்ப் பிடுங்கப் பார்த்தேன். மனிதர் விடவில்லை. பெயர் லார்ஸ். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம், 'சார்' கூடாதாம். அட ராமா!

கள்ளக்குறிச்சியில் நான் கணக்கெழுதிய டிராக்டர் ஷோரூமில் பாலு சார்தான் மேனேஜர். அவர் பைக் சத்தம் கேட்டாலே மொத்த ஷோரூமும் எழுந்து நிற்கும். வெள்ளிமலையிலிருந்து டிராக்டர் பார்க்க வந்தவர்கள்கூட, எதற்கென்று தெரியாமலே எங்களோடு எழுந்துவிடுவார்கள். "இன்னாய்யா, உக்காந்துகினே சம்பளம் வாங்கலாம்னு பாக்கறியா?" என்பதுதான் அவருடைய காலை வணக்கம். வேலை எனக்குப் பிடித்த வேலைதான். ஆனாலும் மறுநாள் அவர் முகத்தை நினைத்தே ஞாயிறு ராத்திரி தூக்கம் வராது.

அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. லார்ஸ் தலை தெரிந்தால் போதும், எழுந்துவிடுவேன். நாற்காலி சரியில்லையோ என்று புது நாற்காலி வாங்கிப் போட்டார். எழுந்தேன். முதுகுவலியோ என்று பொத்தானை அமுக்கினால் உயரும் மேசை வரவழைத்தார். அன்றிலிருந்து நானும் மேசையும் சேர்ந்தே எழுந்தோம்.

என் வேலையோ தற்காலிகம். நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று லார்ஸ்தான் சொல்ல வேண்டும். எங்கள் விசாவே அதை நம்பித்தான் இருந்தது. அவர் தன் அறைக்குக் கூப்பிட்ட அன்று என் மனைவி கல்பனா காலையிலிருந்து சாப்பிடவே இல்லை.

"நான் வந்தாலே எழுந்து கிளம்பப் பார்க்கிறீர்கள். என்னோடு வேலை செய்யப் பிடிக்கவில்லையா? போக நினைப்பவரை நான் பிடித்து வைக்கக் கூடாது" என்றார் லார்ஸ், ஆங்கிலத்தில். முகம் வாடியிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, அது மரியாதை! எங்கள் ஊரில் மேனேஜர் வந்தால் எழுந்து நிற்போம்."

"எழாவிட்டால்?"

"திட்டுவார்."

லார்ஸ் முகம் தெளிந்தது. "நான் திட்ட மாட்டேன். வேலை உங்களுக்குத்தான். ஒன்று மட்டும், இனிமேல் உட்கார்ந்துகொண்டே ஹாய் சொல்லுங்கள்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்தபடி ஹாய் சொன்னேன். என்ன சுகம் ஐயா அது! இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்குகிறேன்.

போன ஞாயிறும் போர்வைக்குள்தான் கிடந்தேன். போன் அடித்தது. பாலு சார்!

"இன்னாப்பா, நல்லாக்கீறியா? அங்க மேனேஜரு எப்டி?"

"ரொம்ப நல்ல மனுசன் சார்."

"என்ன மாதிரியா?"

கல்பனா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வீடியோகூட இல்லீங்க, உக்காருங்க."

அப்போதுதான் கவனித்தேன். போர்வையும் கையுமாக, நட்டநடு அறையில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன்.

"உங்கள மாதிரியேதான் சார்" என்றேன், உட்காராமலே.