பெட்டிக்கு வழி விட்ட சுவர்

ஹியோன் ஜோங்சுன் என் பெரியம்மா. ஜேஜு தீவின் மேற்குக் கரையில், எங்கள் கிராமத்திலேயே தடித்த சுவர்கள் கொண்ட கல்வீடு அவளுடையது. அவள் குணமும் அந்தச் சுவரைப் போலத்தான் என்று ஊரார் சொல்வதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

ஒரே முற்றத்தில் எதிரெதிரே இரண்டு வீடுகள். உள்வீடு பெரியது, வெளிவீடு சின்னது. கலவரத்தில் கிராமம் எரிந்த வருடம் புல்கூரைகள் போயின, உள்வீட்டின் முன்சுவரும் சரிந்தது. பெரியம்மாவின் மாமனார் திரும்பி வந்து, ஒரு தானியப் பெட்டியை முதலில் உள்ளே வைத்துவிட்டுப் பிறகு சுவரை எழுப்பினார். அளந்து பார்க்கத் தோன்றவில்லை போலும். பெட்டி, வாசலைவிட ஒரு சாண் அகலம்.

இருபது வயதில் பெரியம்மா மருமகளாக வெளிவீட்டுக்கு வந்தாள். பதினோரு வருடம் கழித்து, வழக்கப்படி, மாமியார் உள்வீட்டைக் கொடுத்துவிட்டு வெளிவீட்டுக்குப் போனார். இப்போது பெரியம்மாவின் முறை. வெளிவீட்டின் ஒற்றை அறையில் மகன், மருமகள் மியோங்சிம், இரட்டைக் குழந்தைகள். மூன்றாவது, வயிற்றில்.

எங்கள் தீவில் வீடு மாறுவதற்கு வருடத்தில் ஒரே வாரம்தான். பழைய தெய்வங்கள் மேலே போய், புதியவை இன்னும் வந்து சேராத வாரம். முதல் வருடம் அந்த வாரத்தில் பெரியம்மாவுக்கு முழங்கால் வலித்தது. அடுத்த வருடம் பன்றி குட்டி போட்டது. எட்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பிய குளிர்காலத்தில், பெட்டி.

"பெட்டி வாசல்ல நுழையாதுல்ல. அதை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

"இங்கயே இருக்கட்டும் அத்தே, நான் பாத்துக்கறேன்" என்றாள் மியோங்சிம்.

"ரெண்டு பிள்ளைங்க மூக்கையே உன்னால பாத்துக்க முடியல."

"அப்ப சுவரை இடிச்சிரலாம்."

"தீயே இடிக்காத சுவருடி இது."

"முன்சுவர் இடிஞ்சுதே?"

"அது இடியல. பெட்டிக்கு வழி விட்டுச்சு."

வாரத்தின் கடைசி நாள். ஜெயித்துவிட்ட நிம்மதியில் பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தில் மிச்சமிருந்த ஆரஞ்சுகளைப் பறிக்கப் போனாள். மதியம் திரும்பியபோது உள்வீட்டு அடுப்பில் இன்னொரு பானை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மியோங்சிமின் அரிசி ஜாடி.

அரிசியும் பானையும் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆள் குடியேறியதாகத்தான் அர்த்தம். மீதிச் சாமான்களை மெதுவாகக் கொண்டுவரலாம். ஆனால் உள்ளே வந்த அரிசியை அன்றே வெளியே எடுத்தால், அந்த வீட்டில் பசி குடியேறும் என்பார்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெரியம்மா அதைச் செய்யமாட்டாள். மியோங்சிமுக்கு அது தெரியும்.

"நீங்களும் இங்கயே இருங்க அத்தே" என்றாள் மியோங்சிம் பணிவாக. "ஒண்ணாவே சமைச்சுக்கலாம்."

பெரியம்மா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் மாமியாரும் மருமகளும் ஒரே முற்றத்தில் நாற்பது வருடம் இருப்பார்கள். ஒரே அடுப்பில் ஒரு வேளை இருக்கமாட்டார்கள்.

"ஒண்ணாவா? உன் குழம்புல உப்பு பாத்தவ நான்!"

தன் பானையைத் தூக்கினாள். தன் அரிசி ஜாடியை என் தலையில் வைத்தாள். முற்றத்தைக் கடக்கப் பதினான்கு எட்டு. பெட்டியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அரை மணி நேரத்தில் உள்வீட்டுக் கதவு வழியே புகை கொட்டியது. மியோங்சிம் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தாள்.

"அத்தே! இந்த அடுப்பு என்ன இப்படிப் புகையுது?"

"எனக்கும்தான் புகைஞ்சுது" என்றாள் பெரியம்மா, வெளிவீட்டு வாசலில் முள்ளங்கி நறுக்கியபடி. "என் மாமியார் சொல்லித் தரல. நானா கண்டுபிடிக்க நாலு வருஷமாச்சு."

"நாலு வருஷமா!"

"நீ கெட்டிக்காரி. அரிசி ஜாடி தூக்கத் தெரிஞ்சவ. மூணு வருஷத்துல கண்டுபிடிச்சிருவ."

இரண்டு முள்ளங்கிகள் நறுக்கி முடிக்கும்வரைதான் பொறுத்தாள். பிறகு எழுந்து போய், அடுப்பின் இடப்பக்கக் கல்லைக் குதிகாலால் ஓர் உதை உதைத்தாள். புகை ஒழுங்காகப் பின்சுவர்த் துளைக்குப் போனது.

"தினமும் உதைக்கணுமா அத்தே?"

"காத்து வடக்கால அடிச்சா மட்டும். தெற்குக் காத்துக்கு வேற கல்லு." எந்தக் கல் என்று மியோங்சிம் கேட்பதற்குள் பெரியம்மா முற்றத்தில் பாதி தூரம் போயிருந்தாள்.