திரைக்கு அந்தப்பக்கம் நின்ற அத்தா

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வீடு. அறை வாசலில் பச்சைப் பூப்போட்ட போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். இந்தப்பக்கம் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, நடுவில் கல்யாணப் பெண். அந்தப்பக்கம் என்னைப் பெற்ற அத்தா நின்றுகொண்டு, "தாயி, இந்த நிக்காஹ்வுல ஒனக்குச் சம்மதமா? வாயத் தொறந்து சொல்லும்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் இருக்கும். தாவணி போடத் தொடங்கியிருந்த நான் அந்தப் பெண்ணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

அத்தா ராஜபாளையத்தில் ஒரு பள்ளிவாசலில் இமாம். ஊரில் ஆலிம்சா என்பார்கள். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தை எல்லாருக்கும் புரிகிற தமிழில் செய்தார், பெண்களுக்குக் குர்ஆனின் அர்த்தம் சொல்லிக் கொடுத்தார். இரண்டுக்கும் வசவு வாங்கினார். எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை இந்தச் சம்மதம் கேட்பதில்தான். அதுவரை பெரியவர்கள் வந்து ஒப்புக்குக் கேட்பார்கள், பெண் தலையைக் குனிந்துகொள்வாள், உடனே மற்ற பெண்கள் குலவை போடுவார்கள், முடிந்தது காரியம். மௌனம் சம்மதம். "அது வெக்கத்துல வந்த மௌனமா, பயத்துல வந்த மௌனமான்னு நான் எப்பிடிக் கண்டுபிடிக்க? அவ குரல் என் காதுல விழணும்" என்று அத்தா ஒற்றைக்காலில் நின்றார். குரல் விழாமல் நிக்காஹ் ஓத மாட்டார்.

அன்றைக்கு அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. வெளியே மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கிறார்கள், பிரியாணி ஆறுகிறது. அத்தா அசையவில்லை. கோபமில்லாமல், அவசரமில்லாமல், திரும்பத் திரும்பக் கேட்டார். வீட்டில் நான் ஒரு கணக்குச் சந்தேகம் கேட்டால் "செத்த நேரம் சும்மா இரேன்" என்கிற மனுசருக்கு இம்புட்டுப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு வயிறு எரிந்தது. கடைசியில் அவள், "எனக்கு வேண்டாம்" என்றாள். அம்புட்டுதான், கல்யாணம் நின்றுவிட்டது.

ஜமாத்தில் அத்தாவைக் கூப்பிட்டு வைத்து ஏசினார்கள். சில மாதம் யாரும் அவரை நிக்காஹ் ஓத அழைக்கவில்லை. அந்தப் பெண் மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்குப் பாடம் கேட்க வந்தாள். அவளும் அவரை அத்தா என்றே கூப்பிட்டாள். எனக்குப் பொறுக்கவே இல்லை. பிறகு மம்சாபுரம், செட்டியார்பட்டி என்று எங்கிருந்தெல்லாமோ பெண்கள் வந்தார்கள். "ஆலிம்சா மக, குடுத்து வச்சவ" என்று என் கன்னத்தைத் தடவுவார்கள். என்னத்தைக் கொடுத்து வைத்தேன்? வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு நிக்காஹ். மாப்பிள்ளை மில்லில் வேலை பார்த்த மாமி மகன், எனக்குப் பிடித்தவர்தான். நான் ஆசைப்பட்டது வேறு. அவளைக் கேட்ட மாதிரி அத்தா என்னையும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஊர் காத்துக் கிடக்க வேண்டும். அந்த ஒரு நாளாவது அவர் எனக்கென்று நிற்க வேண்டும். அதனால், "சம்மதமா தாயி?" என்று அவர் கேட்டதும் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன். பழைய பழக்கம் லேசில் போகுமா? பக்கத்திலிருந்த பெரியம்மா குலவை போட்டுவிட்டாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அத்தா அதட்டி நிறுத்துவார், மறுபடி கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் நிக்காஹ் ஓதத் திரும்பி நடந்துவிட்டார். சம்மதம் கேட்கிற பழக்கத்தைத் தொடங்கிய பிறகு, பெண்ணின் குரல் கேட்காமல் அத்தா ஓதிய நிக்காஹ் என்னுடையது ஒன்றுதான்.

அதை மனதில் வைத்து மருகிக்கொண்டே இருந்தேன். பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது ஒரு மத்தியானம், அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன். "ஊர்ப் பொண்ணுகள அம்புட்டு நேரம் நின்னு கேட்டீய. எங்கிட்ட மட்டும் ஏன் அப்பிடிப் போனீய?"

அத்தா சிரித்தார். "ஏட்டி, பிடிக்கலைன்னா நீ சும்மாவா இருந்திருப்ப? திரையப் பிச்சுக்கிட்டுல்ல வந்திருப்ப. அந்தப் பிள்ளைகளுக்கு அது முடியாதே."

அத்தா மவுத்தாகி, அடக்கமாகி வெகுகாலமாகிறது. இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் கையில் மைக்கைக் கொடுத்தே சம்மதம் கேட்கிறார்கள். ஆலிம்சா கொண்டுவந்த பழக்கம் என்று பெருமையாகச் சொல்லுவார்கள். ஒவ்வொரு பெண்ணின் குரலும் மைக்கில் வரும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவர் சொன்னது வாஸ்தவம்தான். அத்தாவுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாத வீட்டுப் பெண்ணாகப் பிறந்திருந்தால், எனக்காக இன்னும் செத்த நேரம் நின்றிருப்பார்.